இமேஜ் மாறும், ஹோம் மாறாது: சில்வர்புளூவும் கினோய்ட்டும் மோதாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

சில்வர்புளூ, கினோய்ட் இரண்டும் ஃபெடோரா லினக்ஸின் வடிவங்கள்; சிஸ்டம் முழுவதும் 'இமேஜ்' என்ற ஒரே தொகுப்பாக வரும். சில்வர்புளூவில் இருப்பது க்னோம் டெஸ்க்டாப், கினோய்ட்டில் இருப்பது கேடிஈ பிளாஸ்மா டெஸ்க்டாப். ஒரே ரீபேஸ் (இமேஜை மாற்றும்) கட்டளையில் ஒன்றை விட்டு மற்றொன்றுக்குப் போய்விடலாம். ஆனால் மாறுவது சிஸ்டம் மட்டும்தான். உங்கள் ஹோம் கோப்புறையை இமேஜ் தொடுவதே இல்லை. பழைய டெஸ்க்டாப் எழுதிவைத்த தீம், ஐகான், எழுத்துரு எல்லாம் அங்கேயே கிடக்கும், புதியது அவற்றையும் எடுத்துப் படிக்கும். பலர் இடறும் இடம் இதுதான்: ரோல்பேக் செய்தால், அதாவது பின்வாங்கினால், பழைய இமேஜ் திரும்பி வரும், ஹோமில் நடந்த மாற்றம் திரும்பாது.

மாறுவதற்கு முன்

1. ஹோம் முழுவதையும் வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள், மறைந்த கோப்புகளையும் சேர்த்து.

2. 'ஆர்பிஎம்-ஆஸ்ட்ரீ ஸ்டேட்டஸ்' கட்டளையை ஓட்டுங்கள். இமேஜின் மேல் மேலடுக்காக நீங்கள் நிறுவிய பொதிகள் அதில் தெரியும். க்னோமுக்கென்றே சேர்த்தவற்றை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் புதிய இமேஜிலும் கூடவே வரும், சில சமயம் ரீபேஸையே தடுத்துவிடும்.

3. எதையாவது நீக்கியிருந்தால் முதலில் ரீபூட் செய்யுங்கள். பிறகு 'சூடோ ஆஸ்ட்ரீ அட்மின் பின் 0' என்று கொடுத்து இப்போதைய இமேஜைப் பிடித்து வையுங்கள். பின் செய்யாத பழைய இமேஜ் அடுத்தடுத்த அப்டேட்டுகளில் கழிந்துபோகும்.

4. கினோய்ட்டுக்கென்று தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். இந்த ஒரு படி போதும், மோதலில் பெரும்பகுதி வராது. முடிந்தவரை இதையே செய்யுங்கள்.

ரீபேஸ் செய்யும்போது ஸ்டேட்டஸ் காட்டும் கிளைப் பெயரின் கடைசிச் சொல்லை மட்டும் மாற்றுங்கள். பதிப்பு எண்ணையும் சேர்த்து மாற்றினால், கோளாறு எதனால் வந்தது என்று பிரித்தறிவது கடினம்.

ஒரே கணக்குதான் வேண்டுமென்றால்

டெஸ்க்டாப்பில் இருந்துகொண்டே அமைப்புக் கோப்புகளில் கை வைக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் பிளாஸ்மா, நினைவில் உள்ளதை மறுபடியும் கோப்பில் எழுதிவிடும். லாக் அவுட் செய்து, கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரையில் நுழையுங்கள். ஹோமில் புள்ளியோடு தொடங்கும் 'கான்ஃபிக்' கோப்புறையின் பெயரை மாற்றுங்கள், அழிக்க வேண்டாம். டெஸ்க்டாப் புதிதாகத் தொடங்கியபின், வேண்டிய செயலிகளின் கோப்புறைகளை மட்டும் ஒவ்வொன்றாகத் திரும்ப நகலெடுக்கலாம். பிளாட்பேக் (சிஸ்டத்தோடு சேராமல் தனியே நிறுவப்படும்) செயலிகளின் அமைப்புகள் பெரும்பாலும் வேறு கோப்புறையில் இருப்பதால் அவற்றுக்குப் பாதிப்பில்லை.

மோதல் ஏற்கெனவே வந்துவிட்டதா?

க்னோமுக்குத் திரும்பியபின் ஜிடிகே (க்னோம் பயன்படுத்தும் கருவித்தொகுப்பு) செயலிகள் பிளாஸ்மாவின் இயல்பான பிரீஸ் தோற்றத்திலேயே நிற்கிறதா? பிளாஸ்மா அந்தத் தோற்றத்தை இரண்டு இடங்களில் பதிந்துவைக்கிறது. 'கான்ஃபிக்' உள்ளே 'ஜிடிகே-3.0', 'ஜிடிகே-4.0' என்ற கோப்புறைகள் ஒன்று; க்னோமின் அமைப்புகளைச் சேமிக்கும் டீகான்ஃப் தரவுத்தளம் இன்னொன்று. கோப்புறைகளின் பெயரை மட்டும் மாற்றினால் பாதிதான் சரியாகும். டீகான்ஃபில் க்னோம் டெஸ்க்டாப்பின் 'இன்டர்ஃபேஸ்' பகுதியையும் ரீசெட் செய்து, மறுபடி லாக் இன் செய்யுங்கள்.

படத்தைத் திறந்தால் வேறு ஏதோ செயலி வருகிறதென்றால் எந்த வகைக் கோப்பை எந்தச் செயலி திறக்கும் என்று குறித்துவைக்கும் 'மைம்ஆப்ஸ்' பட்டியல் கோப்பைப் பாருங்கள். இப்போதைய இமேஜில் இல்லாத செயலியின் பெயர் அதில் இருந்தால் அந்த வரியை நீக்குங்கள். லாக் இன் செய்ததும் தேவையற்றவை தாமாக ஓடினால் 'ஆட்டோஸ்டார்ட்' கோப்புறையில் தேடுங்கள்.