திறக்காத கணினிக் கோப்பை உடனே அழித்துவிடாதீர்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பசார் பக்கம் போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறேன். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் பென்டிரைவை நீட்டி, "அண்ணே, திறக்க மாட்டேங்குது, பாருங்க" என்பார்கள். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக் கூடியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கோப்பைக் கணினிக்கு நகல் எடுங்கள். என்ன செய்து பார்ப்பதானாலும் அந்த நகலில்தான். பென்டிரைவைச் செருகியதும் 'ஃபார்மேட் செய்யவா' என்று விண்டோஸ் கேட்டால், வேண்டாம் என்று மூடிவிடுங்கள். உள்ளே இருப்பதை மீட்க வழி இருக்கும்போதே அவசரப்பட்டு ஃபார்மேட் செய்து இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு கேட்கவில்லை.

அடுத்து, கோப்பின் அளவு. 0 பைட் என்றால் உள்ளே ஒன்றுமில்லை. பெரும்பாலும் நகல் முடியுமுன் பென்டிரைவைப் பிடுங்கியிருப்பார்கள். எதிலிருந்து எடுத்தீர்களோ அங்கேயே மறுபடி போய் எடுக்க வேண்டும். பெயர் ~$ என்று தொடங்கி அளவு 1 கேபி காட்டினால், அது உங்கள் கோப்பே அல்ல. கோப்பு திறந்திருக்கும்போது வேர்ட் வைத்துக்கொள்ளும் அடையாளம் அது. வேலைக்கு விண்ணப்பிக்க வந்த ஒரு தம்பி அதை மட்டும் கொண்டுவந்துவிட்டு, மழையில் மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்குத் திரும்பிப் போனார்.

அளவு சரியாக இருக்கிறதா? அப்படியானால் நகலை நோட்பேடில் திறந்து முதல் எழுத்துகளைப் பாருங்கள். குப்பை மாதிரிதான் தெரியும், பயப்பட வேண்டாம். '%பிடிஎஃப்' என்று ஆங்கிலத்தில் தொடங்கினால் அது பிடிஎஃப். 'பிகே' (PK) என்ற இரண்டு ஆங்கில எழுத்து இருந்தால் ஜிப் வகை, அதாவது பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டியது. 2007 பதிப்பு முதல் வந்த புதிய வகை வேர்ட், எக்செல் கோப்புகளும் உள்ளுக்குள் ஜிப்தான். பெயரின் வால் (புள்ளிக்குப் பிறகு வரும் .pdf, .docx போன்ற பகுதி) வேறாக இருந்தால் திருத்துங்கள், திறந்துவிடும். நோட்பேடில் மட்டும் சேமித்துவிடாதீர்கள். வால் சரியாக இருந்தும் வேர்ட் அடம்பிடித்தால், கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியில் 'ஓப்பன்' பொத்தானுக்குப் பக்கத்து அம்புக்குறியை அழுத்தி 'ஓப்பன் அண்ட் ரிப்பேர்' கொடுத்துப் பாருங்கள்.

நம் ஆட்களுக்கே உரிய சிக்கல் இன்னொன்று: கோப்பு திறக்கும், ஆனால் தமிழ் தெரியாது, மேலே புள்ளியும் கோடும் போட்ட ஏதேதோ எழுத்துகள் வரும். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஐயா ஒருவர் அப்படி ஒரு கோப்பு கொண்டுவந்தார். அவர் பிறந்த தோட்டத்தில் எந்த லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) எந்தக் குடும்பம் இருந்தது என்ற பட்டியல். பால்மரம் என்ற ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்து, அந்த லயங்களும் இன்று இல்லை. "கெட்டுப்போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்கப்பா" என்றார்.

கெடவில்லை. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு பரவுவதற்கு முன், தமிழ் எழுத்துருக்கள் பலவற்றுக்கும் வெவ்வேறு குறியாக்கம், அதாவது எழுத்துக்கு எண் கொடுக்கும் முறை, இருந்தது. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு அஞ்சலில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள் நம் பக்கம் நிறைய உண்டு. புரியாத அந்த எழுத்தின்மேல் கர்சரை வைத்து, மேலே எழுத்துருப் பெட்டியைப் பாருங்கள். அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் அங்கே இருக்கும். அதை நிறுவினால் தமிழ் தெரியும். யூனிகோடாக மாற்றும் செயலியில் அந்தக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் நிரந்தரமாக மாறும். வெறுமனே லதா என்ற யூனிகோடு எழுத்துருவுக்கு மாற்றினால் சரியாகாது, எந்த எழுத்துரு என்ற தடயமும் போய்விடும்.

மாற்றும்போது ஓரிரு எழுத்து தவறலாம் என்பதால், பெயர்களை ஒருமுறை சரிபார்க்கச் சொல்லி ஐயாவிடம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் லயத்திலிருந்து வாய்விட்டு வாசிக்க ஆரம்பித்தார்.