பக்தியும் சிரிப்புமாக வாழ்ந்த அம்மாவுக்கு நினைவுரை எழுதுவது எப்படி?

நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில், தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறையும்போது ஞாபகார்த்த ஜெபக்கூட்டம் வைப்பது வழக்கம். பாட்டும் ஜெபமும் முடிந்ததும் குருவானவர், "பிள்ளைகளில் யாராவது இரண்டு வார்த்தை சொல்லுங்கள்" என்பார். மூத்த மகன் எழுந்து, "எங்கள் அம்மா பக்தியுள்ளவர், ஜெபிக்கிறவர், எல்லாரையும் நேசித்தவர்" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார். அத்தனையும் உண்மைதான். ஆனால் அது அந்தச் சபையிலுள்ள எந்த அம்மாவுக்கும் பொருந்தும். உங்கள் அம்மாவுக்கு மட்டுமே பொருந்தும் ஓர் உரையை எழுத வழி சொல்கிறேன். நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவர்களுக்காகவே இது.

படி 1: அவருடைய வேதாகமத்தைப் புரட்டுங்கள்

ஆதியாகமம் தொடங்கி நிதானமாகப் புரட்டுங்கள். கோடிட்ட வசனங்கள், ஓரத்தில் எழுதிய தேதிகள், பெயர்கள் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் செருகியிருப்பவை இன்னும் முக்கியம்: காய்ந்த குருத்தோலைச் சிலுவை, புத்தாண்டு ஆராதனையில் எடுத்த, வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை, சில சமயம் ரேஷன் கடை ரசீது. என் அம்மா தம்பியின் மதிப்பெண் பட்டியலை, பாடுகளைப் பொறுத்துக்கொண்ட யோபுவின் புத்தகத்துக்குள் வைத்திருந்தார்.

நினைவுரை என்றாலே நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரத்துக் குணசாலியான ஸ்திரீயை அழைத்து வந்துவிடுகிறோம். அம்மா கோடிட்டிருந்தால் ஒழிய அதை விட்டுவிடுங்கள். தாய்வழி வந்த விசுவாசத்தைச் சொல்ல 2 தீமோத்தேயு 1:5 இருக்கிறது. தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பவுல் அங்கே பெயர் சொல்லியே நினைவுகூருகிறார்.

படி 2: விசாரியுங்கள்

சித்தி, பெரியம்மா, பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தோழியர், அடுத்த வீட்டுக்காரர் எல்லாரிடமும் கேளுங்கள். "அம்மா எப்படிப்பட்டவர்?" என்றால் "தங்கமானவர்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். "ஜெபத்தில் என்னவெல்லாம் சொல்வார்? கோபம் வந்தால் என்ன செய்வார்?" என்று கேட்டுப்பாருங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

படி 3: சிரிப்பைத் தேர்ந்தெடுங்கள்

பக்தியுள்ள அம்மாவின் வேடிக்கை அவருடைய பக்திக்குள்ளேயே இருக்கும். என் அம்மாவுக்கு ஆண்டவர் பக்கத்து அறையில் இருக்கும் வீட்டுப் பெரியவர் மாதிரி. எதையும் அவரிடம் ஒப்பித்துவிடுவார். குடும்ப ஜெபத்தில், "ஆண்டவரே, இந்த வீட்டில் ஒருவன் கணக்குப் பரீட்சைத் தாளை மெத்தைக்கு அடியில் வைத்திருக்கிறான். அவன் யாரென்று உமக்குத் தெரியும். அவன் இருதயத்தோடு பேசும்" என்பார். முழங்காலில் நிற்கும் நாங்கள் கண்ணைத் திறக்காமலே தம்பியின் மூச்சு மாறுவதைக் கேட்போம். அதற்குள், "பால் பொங்குகிறது, அடுப்பை அணையுங்கள்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்வார்.

யார் ஊருக்குக் கிளம்பினாலும் 121-ஆம் சங்கீதம் வாசித்த பிறகே வாசலைத் தாண்டலாம். வழக்கமாக வரும் ஆட்டோ ஓட்டுநர் வந்ததும் என்ஜினை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்குவார். எட்டு வசனம் முடியும் நேரம் அவருக்கு அத்துப்படி. ஒருநாள் ரயிலுக்கு நேரமாகிறதென்று அப்பா விறுவிறுவென்று வந்து ஏறியதும், "ஐயா, இன்னும் வாசிக்கவில்லையே?" என்று அவரே கேட்டுவிட்டார். இப்படியொன்று கிடைத்தால் சொல்லி நிறுத்திவிடுங்கள். "அம்மாவின் சாட்சி அயலாரையும் தொட்டது" என்று விளக்கம் சேர்க்க வேண்டாம்.

எதை வைப்பது, எதை விடுவது? அம்மா முன்வரிசையில் இருந்து கேட்டால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாரா என்று பாருங்கள். சிரிப்பார் என்றால் வையுங்கள். வேறொரு வீட்டாரைக் குத்துகிற சம்பவம் வேண்டவே வேண்டாம்.

படி 4: எழுதுங்கள்

பிறந்த தேதி, படித்த பள்ளி என்று வரிசையாக அடுக்காமல் அவற்றைச் சம்பவத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். அம்மாவின் ஊர் மெஞ்ஞானபுரம். எந்த நகரத்தில் எந்தக் கட்டடத்தைக் காட்டினாலும், தம் ஊர் பரிசுத்த பவுல் ஆலயத்தின் 192 அடிக் கோபுரத்தோடு ஒப்பிட்டுத்தான் அபிப்பிராயம் சொல்வார். இவ்வளவு எழுதினாலே ஊரும் வந்துவிடும், அவர் பெருமையும் வந்துவிடும்.

இரண்டு வேடிக்கைகளுக்குப் பிறகு ஒரு கஷ்டகாலத்தைச் சொல்லுங்கள். சிரித்தவர்கள் அப்போது காதுகொடுத்துக் கேட்பார்கள். உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து, சபைக்கென்று ஒரு டப்பாவில் அம்மா தினமும் போடுவார். அப்பாவுக்கு வேலை போன மாதங்களிலும் அது நிற்கவில்லை. பாட்டி கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொன்னபோது, "என் கையே சின்னது, இதில் எதைக் குறைக்க?" என்றார்.

படி 5: வாசித்துப் பழகுங்கள்

ஏறக்குறைய 400 சொற்கள் போதும். நிதானமாக வாசித்தால் ஐந்து நிமிடம் வரும். சத்தமாக வாசித்துப் பாருங்கள், நாக்கு தடுக்கும் வாக்கியங்களை உடைத்துவிடுங்கள். அம்மாவுக்குப் பிடித்த கீர்த்தனையை உரை முடிந்ததும் பாட வேண்டுமென்று குருவானவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எழுத்தைப் பெரிதாக அச்செடுத்து, ஒரு பிரதியை உடன்பிறந்தவர் ஒருவரிடம் கொடுங்கள். இரண்டு தாளிலும் பத்திகளுக்கு எண் போடுங்கள். உங்களுக்குத் தொண்டை அடைத்தால் அந்த எண்ணிலிருந்து அவர் வாசிக்கலாம்.