செத்துப்போகாதவரை எழுப்பக் கூடாது: ‘மறுபடி உயிர்கொடுக்க’ ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் மாலைநேரத் தமிழ் வகுப்பு இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. மறுபடி தொடங்க இடம் கேட்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுத வேண்டும். என் தலையில் விழுந்தது. பொருளாளர் மாமாவின் உறுப்பினர் சந்தா காலாவதியாகியிருந்ததால், அவரை மறுபடி சேர்த்துக்கொள்கிறோம் என்றும் ஒரு வரி எழுத நினைத்தேன். ஒத்தசொல் பட்டியலில் ‘ரெசரக்ட்’ கண்ணில் பட்டது. கம்பீரமாக இருந்தது, போட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள், கடிதம் போன அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். தணிந்த குரலில், “அவர் எப்போது தவறினார்?” என்றார். மாமா என் எதிரில் உட்கார்ந்து பன்னி சாவ் (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு) சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

‘ரெசரக்ட்’ என்றால் செத்தவரை உயிர்த்தெழ வைப்பதாம். நீங்கள் அப்படி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

படி 1: ஆங்கிலத்தை மூடி வையுங்கள்

எதைப் பற்றி எழுதுகிறீர்களோ அதற்கு என்ன ஆனது என்று முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். மயங்கியதா, செத்ததா, அணைந்ததா, இடிந்ததா, கெடு முடிந்ததா? நாம் விளக்கைத் தூண்டுகிறோம், மயங்கியவரைத் தெளியவைக்கிறோம், சந்தாவைப் புதுப்பிக்கிறோம். யாரும் சந்தாவைத் தூண்டுவதில்லை. ஆங்கிலத்திலும் ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் உண்டு. ஒத்தசொல் பட்டியல்தான் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறது.

படி 2: நிலைக்கு ஏற்ற சொல்லை எடுங்கள்

‘ரிவைவ்’ எல்லாவற்றிலும் பத்திரமானது. இதைப் போட எதுவும் செத்திருக்க வேண்டியதில்லை. வாடிய கொத்தமல்லியின் காம்பு நுனியை நறுக்கி, குளிர்ந்த தண்ணீரில் நிற்க வைத்தால் கொஞ்ச நேரத்தில் இலை நிமிரும் அல்லவா, அதுதான் ரிவைவ். நின்றுபோன விழா, பழைய நாடகம், மூடிய வகுப்பு எல்லாவற்றுக்கும் ஒத்துவரும். சந்தேகம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதைப் போடுங்கள்.

‘ரெசஸிடேட்’ மூச்சோ நாடியோ நின்றவருக்கு. சிபிஆர் என்ற முதலுதவியின் பெயரில் கடைசி எழுத்து இந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை மார்பை அழுத்துகிறார்களே, அந்தக் காட்சி நினைவில் இருந்தால் போதும். நொடித்த வியாபாரத்துக்கும் சொல்வார்கள், ஆனால் ஆஸ்பத்திரி வாசனை போகாது.

‘ரீகிண்டில்’ நெருப்புச் சொல். பழைய நட்பு, காதல், ஆர்வம் இவற்றோடு சேரும். தமிழ் ஆர்வத்தை ரீகிண்டில் செய்யலாம், தமிழ் வகுப்பின் கூரையை முடியாது.

‘ரெஸ்டோர்’ என்றால் பழைய நிலைக்கே கொண்டுவருவது. கரண்ட் போய் வந்தால் இந்தச் சொல்தான். இதை ‘ரீபில்ட்’ உடன் குழப்பாதீர்கள். டர்பனில் உம்பிலோ ஆற்றங்கரைக் கோயிலை 1905 வெள்ளம் அடித்துப்போனது. 1947இல் கேட்டோ மேனரில் வேறு இடத்தில் கோயில் எழுந்தது. அது ரீபில்ட். நிற்கிற கோயிலின் சுதையைப் பழையபடி சீராக்கி வண்ணம் தீட்டினால் ரெஸ்டோர்.

படி 3: மனிதர் என்றால் இரண்டு முறை யோசியுங்கள்

நான் இரண்டாவது தடவையும் விழுந்த இடம் இது. அந்த போனுக்குப் பிறகு ‘ரெசரக்ட்’டை அடித்துவிட்டு ‘ரீஇன்ஸ்டேட்’ என்று திருத்தி அனுப்பினேன். அதே அம்மா மறுபடி போன் செய்தார்: “அவரை ஏன் நீக்கினீர்கள்? பணத்தில் ஏதாவது பிரச்சினையா?”

பொருளாளர் ஆயிற்றே, கேட்காமல் என்ன செய்வார்!

‘ரீஇன்ஸ்டேட்’ என்றால் பதவியிலிருந்தோ பதிவிலிருந்தோ எடுக்கப்பட்டவரை மறுபடி அதே இடத்தில் அமர்த்துவது. நம் நாட்டின் 1995 தொழிலாளர் உறவுச் சட்டத்தில், அநியாயமாக வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்குக் கிடைக்கும் பரிகாரங்களில் ஒன்றுக்கு இந்தச் சொல்தான் பெயர். பதிவு நீக்கப்பட்ட கம்பெனியை, கம்பெனிப் பதிவு அலுவலகமான சிஐபிசியில் மீட்கவும் இதே சொல். மாமாவை யாரும் நீக்கவில்லை, சந்தா கட்ட மறந்தார், அவ்வளவுதான். அதற்கு ‘ரீநியூ’ என்ற சின்னச் சொல் போதும். அதுவும் அவரை அல்ல, அவருடைய உறுப்பினர் பதிவை.

படி 4: மொழியைப் பற்றி எழுதுகிறீர்களா?

மொழி விஷயத்தில் மட்டும் ரிவைவிலும் கவனம் வேண்டும். பேச்சு வழக்கிலிருந்தே போய்விட்ட மொழியைத் திரும்பக் கொண்டுவருவது ரிவைவ். ஹீப்ரு அப்படி வந்தது. பேசுவோர் இருந்தும் புழக்கம் மங்குகிற மொழிக்கு ‘ரீவைட்டலைஸ்’. டர்பன் தமிழுக்கு இரண்டாவதுதான் பொருத்தம். தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவு, வளர்க்க வேண்டிய, மதிக்க வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதைக் காட்டி உதவி கேட்கும் கடிதத்தில் நாமே தமிழைச் செத்த மொழி ஆக்க வேண்டாமே. ஆகவே என் கடிதத்தில் வகுப்பு ரிவைவ், தமிழ்ப் புழக்கம் ரீவைட்டலைஸ்.

கருவி என்று கேட்டால், ஒத்தசொல் அகராதி நினைவூட்டலுக்கு மட்டும். முடிவெடுப்பதற்கு ஆக்ஸ்போர்டு அல்லது லாங்மன் வெளியிடும், ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதி. அதில் விளக்கத்தை விடுங்கள், உதாரண வாக்கியங்களைப் படியுங்கள். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் எந்தப் பெயர்ச்சொல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

பின்சேர்க்கை: பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு அக்கா கேட்டிருந்தார்: தூங்கிக் கிடக்கும் வங்கிக் கணக்குக்கு எது? ‘ரீஆக்டிவேட்’. சிம் கார்டுக்கும் அதுதான். இன்னொருவர், கைவிட்ட திட்டத்தை ரெசரக்ட் செய்வதாக எழுதுகிறார்களே என்றார். உண்மைதான், திட்டத்துக்குச் சொல்லலாம், மூச்சு விடுகிற ஆளுக்குத்தான் கூடாது. மாமா மட்டும் விதிவிலக்கு. கூட்டத்துக்குத் தாமதமாக வந்தால், “மூன்றாம் நாள்தானே எழுந்தேன், மெதுவாகத்தான் வர முடியும்” என்கிறார்.