ஹெலிகாப்டர் விமானி ஆக: 200 மணி நேரத்துக்கும் 1,000 மணி நேரத்துக்கும் நடுவே

உரிமம் வாங்குவது இந்தத் தொழிலில் பாதி வேலைகூட இல்லை. அமெரிக்காவில் தனியார் உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரமும் வணிக உரிமத்துக்கு 150 மணி நேரமும் பறந்திருக்க வேண்டும். ஆனால் 150 மணி நேரக்காரரை நம்பி இயந்திரத்தைக் கொடுக்கும் நிறுவனம் அரிது. கிராண்ட் கேன்யன் சுற்றுலா, மெக்சிகோ வளைகுடா எண்ணெய்த் தளங்கள் போன்ற இடங்களில் பொதுவாக எதிர்பார்ப்பது 1,000 மணி நேரம். பயிற்றுநராகத் தேவைப்படும் 200-ஐக் கழித்தால் நடுவில் கிடக்கும் 800 மணி நேரத்தைப் பெரும்பாலானோர் ஒரே வழியில்தான் கடக்கிறார்கள்: படித்த பறத்தல் பள்ளியிலேயே பயிற்றுநராகச் சேர்வது. ஆகவே பள்ளியைத் தேடும்போதே முதல் முதலாளியையும் தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி கட்டணம் அல்ல. போன வருடம் இங்கே முடித்தவர்களில் எத்தனை பேரைப் பயிற்றுநராக எடுத்தீர்கள் என்று கேளுங்கள். அடுத்து, இயந்திரங்கள் எத்தனை, ஒவ்வொன்றும் பெரும் பழுதுபார்ப்புக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். பயிற்சிக்குப் பரவலாகப் பயன்படும் இரண்டு இருக்கை ஹெலிகாப்டரான ராபின்சன் ஆர்22-க்கு அது 2,200 மணி நேரம் அல்லது 12 ஆண்டு. இருப்பது இரண்டே இயந்திரம், அதில் ஒன்று 2,100 மணி நேரத்தைத் தாண்டிவிட்டது என்றால், நீங்கள் வாடகை கட்டிக்கொண்டு அறையில் உட்கார்ந்திருக்கும் மாதங்கள் நெருங்குகின்றன. மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பள்ளி மூடினால் அந்தப் பணம் திரும்புவது கடினம்.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் விசாவில்தான் இடறுகிறார்கள். தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான எம்-1 விசாவில் நான்கு மாதப் படிப்புக்கு ஒரு மாதம் என்ற கணக்கில்தான் நடைமுறைப் பயிற்சிக்கு அனுமதி, அதிகபட்சம் 6 மாதம். மாதம் 50 மணி நேரம் கற்பித்தாலும் சேர்வது 300 தான், 1,000 எட்டாது. பட்டப்படிப்போடு எஃப்-1 விசாவில் போனால் 12 மாதம் வேலை செய்யலாம், ஆனால் செலவு கூடும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் விமானம் ஏறாதீர்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கு டி.எஸ்.ஏ. என்ற அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் சோதனையும் உண்டு; அனுமதி வரும் முன் பறக்கும் பயிற்சி தொடங்காது.

உடல் எடையைப் பற்றி யாரும் வெட்கப்பட வேண்டாம். ஆனால் கணக்கு தப்பாது. ஆர்22-ன் உச்ச எடை 622 கிலோ, ஒரு இருக்கைக்கு 109 கிலோ. வெற்று இயந்திரம் சுமார் 400 கிலோ என்று வையுங்கள். நீங்களும் பயிற்றுநரும் ஆளுக்கு 75 கிலோ என்றால் எரிபொருளுக்கு 72 கிலோ மிஞ்சும். பிரதான தொட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பலாம். ஆளுக்கு 100 கிலோ என்றால் மிஞ்சுவது 22 கிலோ, அதாவது ஏறக்குறைய 30 லிட்டர். மணிக்கு 35 லிட்டர் குடிக்கும் இயந்திரத்தில், சட்டப்படி 20 நிமிடக் கையிருப்பை ஒதுக்கினால் பறக்க அரை மணி நேரம்தான் கிடைக்கும். கனத்தவர்கள் நான்கு இருக்கை ஆர்44-க்கு மாற வேண்டியிருக்கும், கட்டணமும் ஏறும். பயிற்றுநர் வேலைக்கும் இதே கணக்குதான்: 65 கிலோ பயிற்றுநரிடம் எந்த மாணவரையும் உட்கார வைக்கலாம்.

இனி ஹோவர், அதாவது ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்பது. பயிற்றுநர் மூன்று கட்டுப்பாடுகளையும் ஒன்றாகத் தர மாட்டார். வழக்கமாக முதலில் பெடல் (மூக்கைத் திருப்பும் கால்மிதி), பிறகு கலெக்டிவ் (தூக்கினால் மேலே எழுப்பும் பக்க நெம்புகோல்), கடைசியில் சைக்ளிக் (முன்பின், இடவலம் நகர்த்தும் பிடி). ராபின்சனில் ரோட்டார் (தலைக்கு மேல் சுழலும் விசிறி) மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும். அதனால் கலெக்டிவைத் தூக்கும்போது மூக்கு வலப்பக்கம் திரும்பப் பார்க்கும். இடது பெடலை மிதிக்க வேண்டும். வால் ரோட்டாரோ முழு இயந்திரத்தையும் வலப்பக்கம் தள்ளும். அதற்காக சைக்ளிக்கை இம்மியளவு இடப்பக்கம் பிடிக்கிறோம். எனவே ஹோவரில் இடது ஸ்கிட் (தரையில் ஊன்றும் சறுக்குக்கால்) சற்றுத் தாழ்ந்தே நிற்கும். அதை நிமிர்த்தப் பார்க்காதீர்கள்.

முதல் சில மணி நேரம் எல்லோருக்கும் ஊஞ்சல்தான். காரணம் தாமதம். சைக்ளிக்கை நகர்த்தினால் உடல் ஒரு கணம் கழித்துத்தான் தொடரும். பொறுமையின்றி இன்னும் தள்ளுவீர்கள், இரண்டும் சேர்ந்து வந்து சேரும், பதறி எதிர்ப்பக்கம் இழுப்பீர்கள். மருந்து மூன்று. முன்கையைத் தொடைமேல் வைத்து விரல்களால் பிடியுங்கள். மூக்கின் கீழே உள்ள புல்லைப் பார்க்காமல் 20, 30 மீட்டர் தள்ளி ஒரு மரத்தையோ கொட்டகையையோ பாருங்கள். சைக்ளிக்கை அழுத்தியதும், விளைவு தெரியும் முன்பே அதில் பாதியைத் திருப்பி எடுங்கள். கை மீறினால் வெட்கப்படாமல் ஒப்படையுங்கள், அதையும் மூன்று சொல்லில்: நீங்கள் "நீங்கள் ஓட்டுங்கள்", பயிற்றுநர் "நான் ஓட்டுகிறேன்", மறுபடி நீங்கள் "நீங்கள் ஓட்டுங்கள்". இருவரும் பிடித்திருப்பதாக நினைத்து ஒருவரும் பிடிக்காமல் விடும் நொடி ஆபத்தானது.

எழும்பும்போது ஒரு ஸ்கிட் சேற்றிலோ கயிற்றிலோ மாட்டி இயந்திரம் சாய ஆரம்பித்தால் சைக்ளிக்கால் சமாளிக்க நினைக்காதீர்கள். கலெக்டிவை நிதானமாக இறக்குங்கள். ரோட்டாரின் சுழற்சி குறைந்தால் 97 சதவீதத்தில் எச்சரிக்கை ஊதும். உடனே கலெக்டிவை இறக்கி த்ராட்டிலை (எஞ்சின் விசைப்பிடியை) திறக்க வேண்டும். இயல்பாகக் கை செய்வது கலெக்டிவைத் தூக்குவது, அது ரோட்டாரைக் கொன்றுவிடும். பறக்கும்போது சைக்ளிக்கை வெடுக்கென்று முன்னே தள்ளவும் கூடாது. இரண்டு பிளேடு ரோட்டாரில் எடை குறைந்த நிலை (இருக்கையிலிருந்து மேலெழுவது போன்ற நிலை) வந்தால் உடல் வலப்பக்கம் புரளும். இடப்பக்கம் இழுக்கத் தோன்றும். ஆனால் முதலில் மெதுவாகப் பின்னே இழுத்து ரோட்டாருக்கு எடையைத் திருப்பித் தர வேண்டும். இல்லாவிட்டால் ரோட்டார் தண்டையே இடித்து முறித்துவிடும்.

ஆர்22-ல் கற்பிக்க ஹெலிகாப்டரில் 200 மணி நேரம் வேண்டும், அதில் 50 ஆர்22-லேயே இருக்க வேண்டும். வணிக உரிமத்தின் 150-ல் நிற்காமல் 200 வரை திட்டமிடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

இது சின்ன ஊர் மாதிரி ஒரு தொழில். பெரும்பாலான இடங்களில் தலைமை விமானிக்கு உங்கள் பழைய பயிற்றுநரைத் தெரிந்திருக்கும், தொலைபேசியில் ஒரு வார்த்தை போதும். மேகம் தாழ்ந்த நாளில் பறக்க மறுத்தவரை நினைவு வைத்திருப்பார்கள். "எப்படியோ வந்துவிட்டேன்" என்று பெருமை பேசியவரை இன்னும் நன்றாக நினைவு வைத்திருப்பார்கள். ஹேங்கரைப் பெருக்குவது, ஸ்கிட்டில் சக்கரம் மாட்டி இயந்திரத்தைத் தள்ளுவது எல்லாம் கண்ணில் படும். பெண்களுக்கு, 1955-ல் தொடங்கிய, பெண் ஹெலிகாப்டர் விமானிகளின் வர்லி கேர்ள்ஸ் அமைப்பு பயிற்சி உதவித்தொகை தருகிறது. முதல் ஆண்டிலேயே உறுப்பினராகப் பாருங்கள்.

இந்தியா திரும்பும் எண்ணம் இருந்தால் பணம் கட்டும் முன்பே இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் முதல் வகுப்பு மருத்துவச் சான்றை வாங்கிவிடுங்கள். கண்ணிலோ இதயத்திலோ சிக்கல் இருந்தால் அது இங்கேயே தெரியட்டும். அமெரிக்க உரிமம் அப்படியே செல்லாது, டி.ஜி.சி.ஏ. தேர்வுகளில் 70 சதவீதம் எடுக்க வேண்டும். இங்கே இருக்கைகளில் பெரும்பாலானவை முப்படைகளிலிருந்து வந்தவர்களிடம் இருக்கின்றன, அவர்களின் மணிக்கணக்கு ஆயிரங்களில். குறைந்த மணி நேரக்காரருக்கு ஓரளவு கதவு திறப்பது, மும்பை ஹை எண்ணெய்த் தளங்களுக்குப் போவது போன்ற, இரண்டு விமானிகள் ஓட்டும் இயந்திரங்களின் துணை விமானி இருக்கையில்தான். கேதார்நாத் மாதிரி மலைப் பறத்தலை முதல் வேலையாக நினைக்கவே வேண்டாம்.

ஊரைவிட்டுக் கிளம்பும் முன், பறத்தல் பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் பள்ளியின் கையொப்பமும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். அந்தப் பயிற்றுநர் வேறு மாநிலத்துக்கு வேலை மாறிய பிறகு அவரை மின்னஞ்சலில் துரத்துவது பெரும்பாடு.