ஃபண்டின் பெயருக்கு வாலாக நிற்கும் ஒரு சொல்

மியூச்சுவல் ஃபண்ட் கணக்கறிக்கை வந்தால் எல்லோருடைய கண்ணும் மொத்தத் தொகைக்குத்தான் ஓடும். திட்டத்தின் பெயரைக் கடைசி வரை படிப்பவர்கள் குறைவு. அந்தப் பெயரின் வாலில் ‘ரெகுலர்’ என்றோ ‘டைரக்ட்’ என்றோ இருக்கும். மேலாளரும் ஒருவரே, வாங்கும் பங்குகளும் அவையே, கட்டணம்தான் வேறு. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் உத்தரவால் 2013 ஜனவரியில் வந்தது டைரக்ட். அதில் முகவர் கமிஷன் கிடையாது, ரெகுலரில் உண்டு.

“என்னிடம் யாரும் கட்டணம் வாங்கவில்லையே” என்று நினைப்பதுதான் முதல் தவறு. இதற்கு ரசீது வராது. முகவர் கமிஷனும் அடங்கிய ஆண்டுச் செலவு விகிதத்தை நாள்கணக்கில் பிரித்து, ஃபண்டில் நம் பங்கைக் கணக்கிடும் யூனிட்டின் விலையிலேயே கழித்துக்கொள்கிறார்கள். 5 லட்சம் ரூபாய் ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ந்தால் 20 ஆண்டுகளில் சுமார் 48.2 லட்சம் ஆகும். கட்டணம் ஒரு சதவீதம் கூடி வளர்ச்சி 11 சதவீதம் ஆனால் 40.3 லட்சம்தான். ஒரே ஒரு சதவீதம், கிட்டத்தட்ட 8 லட்சத்தை விழுங்கிவிடுகிறது.

ரெகுலரின் யூனிட் விலை குறைவாக இருப்பதைக் கண்டு மலிவு என்று வாங்குவோரும் உண்டு. செலவாகக் கழிப்பது அதிகம் என்பதால்தான் அது தாழ்ந்து நிற்கிறது!

நான் ஏமாந்தது வேறு இடத்தில். வங்கிச் செயலியில் நானே வாங்கினேன், இடையில் ஆள் இல்லை, ஆகவே டைரக்ட் என்று மூன்று ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன். வங்கியே முகவர் என்பது அறிக்கையில் பெயரை முழுதாகப் படித்த அன்றுதான் உறைத்தது. கமிஷனே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். 2020 மார்ச் பங்குச் சந்தைச் சரிவில் “விற்காதீர்கள்” என்று கையைப் பிடித்துத் தடுத்த முகவர், வாங்கிய காசுக்கு வேலை செய்தவர். போன் கூடச் செய்யாதவருக்கு ஆண்டுதோறும் ஏன் அழவேண்டும்?

அதற்காக ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள். ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாறுவது வருமான வரிக் கணக்கில் விற்றுவிட்டு வாங்குவதுதான். பங்குகளில் முதலீடு செய்யும் ஈக்விட்டி ஃபண்டில், வாங்கி ஓராண்டுக்குள் என்றால் லாபத்தில் 20 சதவீத வரி. அதற்குப் பிறகு, ஒரு நிதியாண்டில் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம். பல ஃபண்டுகளில் ஓராண்டுக்குள் வெளியேறினால் எக்ஸிட் லோடு என்ற வெளியேறும் கட்டணமும் உண்டு.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். யூனிட்களை மாற்றினாலும் மாதாமாதம் பணம் போடும் பழைய எஸ்ஐபி தானாக மாறாது. அதை நிறுத்திவிட்டு டைரக்டில் புதிதாகத் தொடங்காவிட்டால், அடுத்த மாதத் தவணையும் ரெகுலருக்கே போய்ச் சேரும்.