அலுமினியம் மீன்பிடிப் போட்: வாங்குமுன் நடக்கும் பிழைகள்

மட்டக்களப்பில் வாவிக்குத் தோணி, கடலுக்கு பைபர் போட் என்பதுதான் பழக்கம். சிறிய அலுமினியம் போட் நமக்குக் கொஞ்சம் புதிய சாமான். அதனால் வாங்க நினைப்பவர்கள் எத்தனை அடி, என்ன விலை, எந்த எஞ்சின் என்று கேட்பதோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் அலுமினியம் போட்டின் வகையைத் தீர்மானிப்பது நீளம் இல்லை. அடிப்பாகத்தின் வடிவம், தகடுகளைச் சேர்த்த விதம், எஞ்சின் பூட்டும் பின்பலகையின் உயரம் ஆகிய மூன்றையும் பார்த்தால்தான் அது எந்தத் தண்ணீருக்குச் செய்தது என்று தெரியும்.

உயிரோடு விளையாடும் பிழை அடிப்பாகத்தில்தான் நடக்கிறது. தட்டை அடியும் சதுர முகப்பும் கொண்டதை ஜோன் போட் என்பார்கள். குறைந்த தண்ணீரிலும் மிதக்கும். எழுந்து நின்று வலை இழுத்தாலும் அவ்வளவாகச் சரியாது. ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் நம் வாவியில், கண்டல் ஓரங்களுக்கும் சேற்றுத் திடல்களுக்கும் இதைவிடப் பொருத்தமான அலுமினியம் போட் கிடையாது. அந்த நம்பிக்கையில் ஒருநாள் முகத்துவாரத்தைத் தாண்டிப் பார்க்கலாம் என்ற எண்ணம் வரும். அதைத்தான் செய்யக் கூடாது. மழைக்காலத்தில் முகத்துவாரம் வெட்டுண்டு வாவித் தண்ணீர் வேகமாக வெளியேறும்போது, உள்ளே வரும் கடலலை அதோடு மோதிக் குத்தாக எழும்பும். கூர்மையான முகப்பு அலையைப் பிளந்து போகும். சதுர முகப்பு அதை ஏந்திக்கொள்ளும், தண்ணீர் நேரே போட்டுக்குள் வரும். தட்டை அடி ஒவ்வொரு அலையிலும் அறைந்து விழும். வாவியில் ஆடாமல் நின்ற அதே போட்தான் இது.

வி வடிவ அடி உள்ளவை அலைக்காகச் செய்தவை. ஆழமான வி, போட் ஓடும்போது மெத்தென்று போகும். நிற்கும்போது கூடுதலாக ஆடும், கூடுதல் தண்ணீரும் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது அரை வி: முகப்பில் கூர்மையாகத் தொடங்கி, பின்னுக்குப் போகப் போகத் தட்டையாகிவிடும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். படத்தில் கூர்மையான முகப்பைப் பார்த்துவிட்டு கடலுக்கு ஆகும் என்று நினைத்துவிடுவார்கள். போட்டின் பின்னால் போய்க் குனிந்து பாருங்கள். அங்கே அடிப்பாகம் எவ்வளவு சரிந்திருக்கிறது என்பதே உண்மையைச் சொல்லும். உன்னிச்சைக் குளத்திலும், கல்லோயாத் திட்டத்தில் கட்டிய சேனநாயக்க சமுத்திரத்திலும் காற்று பிடித்தால் நடுக்குளத்தில் சின்னச் சின்ன அலை விடாமல் அடிக்கும். அப்படியான இடத்துக்கு என்னைக் கேட்டால் அரை வியைத்தான் சொல்வேன். சேற்றோரத்தில் மட்டும் தொழில் என்றால் ஜோன் போட் போதும். கடலுக்கு, பழகிய பைபர் போட்டை விட்டுச் சிறிய அலுமினியத்துக்கு மாற நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

நீளத்தை மட்டும் கேட்பதும் ஏறக்குறைய இதே பிழைதான். ஜோன் போட்டில் 1436, 1448 என்று எண் போட்டிருக்கும். முதல் இரண்டு இலக்கம் நீளம், 14 அடி. அடுத்த இரண்டும் அடிப்பாகத்தின் அகலம், 36 அங்குலம் அல்லது 48 அங்குலம். இரண்டும் 14 அடிதான், ஆனால் இரண்டு பேர் ஒரே பக்கம் சாய்ந்து வலை தூக்கும்போது வித்தியாசம் தெரிந்துவிடும்.

ரிவெட் அடித்த போட் மட்டம், வெல்டிங் செய்ததுதான் தரம் என்று ஒரு பேச்சு உண்டு. அப்படிப் பொதுவாகச் சொல்ல முடியாது. ரிவெட் போட்டின் தகடு பொதுவாக மெல்லியது, ஆகவே பாரம் குறைவு. இரண்டு பேர் சேர்ந்து கரையில் இழுத்துவிடலாம். வருடக்கணக்கில் அடிபட்டால் ரிவெட் தளர்ந்து கசியும். வெல்டிங் போட் தடித்தது, பாரமானது, பாறையில் உரசினாலும் தாங்கும். ஆனால் வெல்டிங்கின் சூடு பக்கத்துத் தகட்டைப் பலவீனமாக்கும், வெடிப்பு வந்தால் அநேகமாக அங்கேதான் வரும். அதை இரும்புக் கேற் ஒட்டுகிற கடையில் அதே முறையில் ஒட்டக் கொடுக்கக் கூடாது. ஆர்கன் வாயு வைத்து அலுமினியம் ஒட்டத் தெரிந்தவர் வேண்டும். பழைய போட் வாங்குகிறீர்களா? கட்டையில் தூக்கி வைத்து உள்ளே நாலு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் விடுங்கள். வெளியே சொட்டுகிற இடத்தையெல்லாம் சோக்கால் குறித்துவிட்டு அப்புறம் விலை பேசலாம்.

துருப்பிடிக்காது என்பதால் கவனிப்பே தேவையில்லை என்று நினைப்பது அடுத்தது. இரும்பைப் போல் துருப்பிடிக்காதுதான். ஆனால் உப்புத் தண்ணீரில் வேறு உலோகம் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரிபட்டுப் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும். செம்பு கலந்த பாசித்தடுப்புப் பெயின்ற், பைபர் போட்டுக்கு அடித்து மிச்சமிருப்பது, அலுமினியத்துக்கு வேண்டவே வேண்டாம். ஈயம் கோத்த ஈரவலையை இரவெல்லாம் போட்டுக்குள் குவித்து வைப்பதும் கூடாது. அரிப்பைத் தன்மேல் ஏற்றுக்கொள்ள ஒரு உலோகக் கட்டியைப் பூட்டுவார்கள். வாவியைப் போன்ற உவர்நீருக்கு அலுமினியக் கலவைக் கட்டி நல்லது. நன்னீருக்கான மக்னீசியக் கட்டி உப்பில் வேகமாகக் கரைந்துபோகும்.

எஞ்சினில், குதிரைவலுவைப் பார்க்கிற கண் பின்பலகையைப் பார்ப்பதில்லை. சிறிய போட்டின் பின்பலகை பெரும்பாலும் 15 அல்லது 20 அங்குல உயரம், தண்ணீருக்குள் இறங்கும் எஞ்சின் காலும் அதற்கேற்ற நீளம். உயரமான பலகையில் குட்டைக் கால் எஞ்சின் பூட்டினால் புரப்பெல்லர் காற்றை இழுத்துச் சும்மா இரையும். தாழ்ந்த பலகையில் நீட்டுக்கால் பூட்டினால் நம் வாவியில் சேற்றைக் கிண்டும்.

கடைசியாக, வலைக்கு இடம் வேண்டும் என்று குறுக்கு ஆசனங்களைக் கழற்றி எறிவது. பல போட்களில் மிதப்புக்கான நுரை அந்த ஆசனங்களுக்குள்தான் இருக்கிறது. பக்கத் தகடுகள் வளையாமல் பிடித்திருப்பதும் அவைதான். நுரை இல்லாத அலுமினியம் போட், தண்ணீர் நிறைந்தால் நேரே அடிக்குப் போகும். இடம் போதாது என்றால் அகலமான போட்டாகப் பாருங்கள், ஆசனத்தில் கை வைக்க வேண்டாம்.