கை நடுக்கம் குறைந்தது, பேச்சு ஏன் குழறுகிறது? டிபிஎஸ் செய்துகொள்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்க்கின்சனுக்கு டிபிஎஸ், அதாவது மூளைக்குள் எலக்ட்ரோடு வைத்து மின்சாரத்தால் தூண்டும் ஆபரேஷன் செய்தால் கை நடுக்கம் குறையும், உடல் இறுக்கம் தளரும், ஒரு மாத்திரைக்கும் அடுத்த மாத்திரைக்கும் நடுவே வந்து ஆளை முடக்கிப்போடும் அந்த 'ஆஃப்' நேரம் சுருங்கும். இதெல்லாம் உண்மை. ஆனால் பேச்சும் கூடவே சரியாகிவிடும் என்று நம்பி ஆபரேஷனுக்குச் சம்மதிக்கிறார்களே, அதுதான் முதல் தவறு. இந்தச் சிகிச்சைக்கு இன்றைய வடிவம் கொடுத்தது பிரான்சின் கிரெனோபிள் நகரில் 1987-ல் தொடங்கிய பெனாபிட் என்ற டாக்டரின் குழு. அங்கே மூளையின் சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற பகுதியில் எலக்ட்ரோடு வைத்தவர்களை ஐந்து வருடம் கவனித்து 2003-ல் எழுதினார்கள். மருந்து இல்லாத நேரத்து அசைவுத் திறன் சராசரியாக 54 சதவீதம் மேம்பட்டிருந்தது, மேம்படாத ஒரே ஒன்று பேச்சு.

லண்டனில் 32 பேரை வைத்து நடந்து 2011-ல் வெளியான ஆய்வு இன்னும் கறாராகச் சொல்கிறது. ஆபரேஷன் முடிந்த ஒரு வருடத்தில், மருந்து வேலை செய்யும் நேரத்திலேயே, அவர்கள் பேசுவது அடுத்தவருக்குப் புரிகிற அளவு சராசரியாக 17 சதவீதம் குறைந்திருந்தது. மருந்தில் மட்டும் இருந்தவர்களுக்கு இந்த இறக்கம் 5 சதவீதத்துக்கும் கீழே. ஏற்கெனவே பேச்சு தெளிவில்லாதவர்களுக்கும் நோய் வந்து பல வருடம் ஆனவர்களுக்கும் பாதிப்பு கூடுதல். இதைப் படித்துவிட்டு ஆபரேஷனே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், கட்டிலை விட்டு இறங்க முடியாதவர் எழுந்து நடப்பது சாதாரண விஷயமில்லை. ஆனால் சம்மதக் கையெழுத்துக்கு முன்னால் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "அப்பாவின் பேச்சு இப்போது எந்த நிலையில் இருக்கிறது, பிறகு மோசமானால் என்னென்ன மாற்றிப் பார்ப்பீர்கள்?"

அடுத்த தவறு, ஆபரேஷனுக்கு முன்னால் குரலைப் பதிவு செய்யாமல் விடுவது. ஆறு மாதம் கழித்து, "முன்னாடியும் இப்படித்தானே பேசினார்" என்று ஒருவர் சொல்வார், "இல்லவே இல்லை" என்று இன்னொருவர் சொல்வார், டாக்டருக்கு எதை நம்புவது என்று தெரியாது. மொபைலை மேஜையில் ஒரே தூரத்தில் வையுங்கள், கையில் பிடித்து வாய்க்கு அருகே நீட்டினால் சத்தம் எவ்வளவு குறைந்தது என்று பிறகு ஒப்பிடவே முடியாது. மூச்சு இழுத்து ஒரு நீள 'ஆ', அப்புறம் 'படக படக படக' என்று முடிந்த வேகத்தில், அப்புறம் பேப்பரில் ஒரு பத்தி, கடைசியில் இரண்டு நிமிடம் சும்மா பேச்சு. 'படக' என்று சொல்லும்போது உதடு, நாக்கின் நுனி, நாக்கின் பின்பக்கம் மூன்றும் வரிசையாக வேலை செய்ய வேண்டும், அதனால் எது தடுமாறுகிறது என்று காதுக்கே தெரிந்துவிடும். மாத்திரைக்கு முன் ஒரு முறை, மாத்திரை பிடித்த பிறகு ஒரு முறை எடுத்து வையுங்கள்.

இப்போது எல்லாவற்றையும் விட முக்கியமான இடத்துக்கு வருகிறேன், அதாவது மின்சாரத்தை எவ்வளவு, எந்தப் பக்கம் விடுவது என்ற செட்டிங். எலக்ட்ரோடு போய் உட்காரும் பகுதி சில மில்லிமீட்டர் அகலம்தான். அதன் வெளிப்பக்கம் உதடு, நாக்கு, தொண்டைக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பிழைகள் ஓடுகின்றன, உள்பக்கமும் பின்பக்கமும் சிறுமூளையிலிருந்து வரும் பாதை. மின்சாரம் வெளிப்பக்கம் கசிந்தால் பேச்சு இறுகி, திணறி, மெதுவாகிவிடும்; உள்பக்கம் போனால் குடித்தவர் பேசுவது போலக் குழறும். குறிப்பாக இடது மூளையின் எலக்ட்ரோடு இதில் கவனிக்க வேண்டியது. இந்த செட்டிங்கை வைக்கும் புரோகிராமிங் அறையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்: விரலைத் தட்டச் சொல்வார்கள், மணிக்கட்டை மடக்கிப் பார்ப்பார்கள், காரிடாரில் நடக்க விடுவார்கள், மின்சாரம் ஏற்றினதும் நடுக்கம் நிற்கும், எல்லோர் முகத்திலும் சிரிப்பு, வெளியே வந்துவிடுவோம். பேச்சை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்து இரண்டாம் நாள் போனில் பேசும் மகள் கேட்பாள், "அப்பா ஏன் வாய் குழறுது?"

அதனால் ஒவ்வொரு முறை செட்டிங் மாற்றும்போதும் அவரைப் பேசவிடச் சொல்லுங்கள். ஆமாம், இல்லை என்று பதில் சொல்ல வைத்தால் போதாது, ஐந்து நிமிடமாவது தொடர்ந்து பேசட்டும், முடிந்தால் வராண்டாவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து மறுபடி பார்க்கட்டும். பேச்சு கெட்டிருந்தால் செய்து பார்க்க நிறைய இருக்கிறது. மின்சாரத்தின் அளவைக் குறைக்கலாம், மேலே அல்லது கீழே உள்ள வேறு முனைக்கு மாற்றலாம், புதுவகை எலக்ட்ரோடாக இருந்தால் மின்சாரத்தை ஒரு பக்கமாகத் திருப்பலாம், துடிப்பின் அகலத்தை, அதாவது ஒவ்வொரு மின்துடிப்பும் நீடிக்கும் நேரத்தை, சுருக்கலாம். வழக்கமான 130 ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு 130 துடிப்பை, 60 பக்கம் இறக்கினால் சிலருக்குப் பேச்சும் நடையும் தேறும், ஆனால் நடுக்கம் எட்டிப் பார்க்கலாம். கை முக்கியமா, குரல் முக்கியமா என்பதை அந்த இடத்தில் நோயாளிதான் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தையல்காரர் ஒன்று சொல்வார், வாத்தியார் வேறு சொல்வார். ரிமோட்டில் இரண்டு புரோகிராம் வைத்துத் தரவும் வழி இருக்கிறது, அதையும் கேளுங்கள்.

எல்லாப் பழியையும் மெஷின் மேலே போடுவதும் தவறுதான். குரல் தாழ்ந்து, ஏற்ற இறக்கமில்லாமல், வார்த்தைகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு ஓடுவது பார்க்கின்சனுக்கே உரியது. டிபிஎஸ்-க்குப் பிறகு மாத்திரையைப் பெரிதாகக் குறைத்திருந்தால் அதனாலும் குரல் இறங்கலாம். இன்னொன்று, வார்த்தை சட்டென்று வாய்க்கு வராமல் தேடுவது. அது நாக்கின் பிரச்சினை இல்லை, மூளை வார்த்தையை எடுத்துத் தருவதில் வரும் தாமதம், செட்டிங்கை மாற்றினாலும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அவர் தேடி முடிக்கும் வரை காத்திருங்கள், வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். எது எதனால் என்று பிரித்துப் பார்க்க ஸ்டிமுலேஷனை, அதாவது மெஷினின் மின்சாரத்தை, நிறுத்திப் பார்ப்பார்கள், ஆனால் அது கிளினிக்கில் டாக்டர் எதிரில் நடக்க வேண்டிய சோதனை. நீங்களாக வீட்டில் அணைக்காதீர்கள். பல வருடமாக அதை நம்பியே இருக்கிற உடம்பு, திடீரென்று நின்றால் அசையவே முடியாமல் போய் ஆபத்தில் முடியலாம்.

ஸ்பீச் தெரபி இனி எதற்கு என்று விடுவதும், "சத்தமா பேசுங்க" என்று வீட்டில் அதட்டுவதையே தெரபி என்று நினைப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தன் குரல் சரியாகத்தான் இருக்கிறது என்று அவருக்கே தோன்றும், அதுவும் இந்த நோயின் வேலை. எல்எஸ்விடி லவுட் என்ற, உரத்துப் பேசப் பழக்கும் பயிற்சி அந்த அளவுகோலைத்தான் திருத்தப் பார்க்கிறது: வாரம் நான்கு நாள், நான்கு வாரம், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். மின்சாரக் கசிவால் குழறல் இருந்தால் முதலில் செட்டிங், அப்புறம் பயிற்சி. தெரபிஸ்ட், பிசியோ, பல் டாக்டர் எல்லோரிடமும் டிபிஎஸ் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். கழுத்து வலி, தோள் வலி என்று போகும் இடத்தில் டயாதெர்மி, அதாவது உடம்புக்குள் ஆழமாகச் சூடு கொடுக்கும் மெஷின், வைத்துவிட்டால் எலக்ட்ரோடு சூடேறி மூளையைப் பொசுக்கிவிடலாம், உயிருக்கே ஆபத்து.

பேச்சு கெடும்போது விழுங்குவதும் கெடுகிறதா என்று பார்க்காமல் விடாதீர்கள். தண்ணீர் குடிக்கும்போது இருமல், சாப்பிட்ட பிறகு தொண்டையில் ஈரம் தேங்கியது போன்ற குரல், காரணமில்லாமல் எடை குறைவது, இதில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த ரிவ்யூ தேதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே போன் பண்ணுங்கள், நுரையீரலுக்குள் உணவு போய் நிமோனியாவில் படுத்துவிடுகிற ஆபத்து இருக்கிறது.